எதை எடுக்கட்டும்?

என் அக்காவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் வெந்நீர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறவள் என்பதன் சுருக்கம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நின்று கோபித்துக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்ததில்லை. பல் தேய்ப்பதைக்கூட வீடு முழுக்க நடந்துகொண்டேதான் செய்வாள். லிஃப்ட்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, அது வந்து சேர்வதற்குள் படியேறிப் போய்விடுவாள். அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் மாமா பளிச்சென்று நிற்கிறார், பக்கத்தில் அக்கா கலங்கலாக இருக்கிறாள்.

அப்பா, அக்கா, மாமா, நான் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நானும் அவளும் வேலை பார்ப்பதும் ஒரே இடத்தில்தான். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவுசெய்து தரும் ஒலிநூலகம் அது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடி. அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் யாரென்று தெரியவில்லை. துணிச்சலான ஆளாகத்தான் இருந்திருக்கவேண்டும். நான் ஒலிப்பதிவு அறையில், வாசிப்பவர்கள் இருமுவதையும் தண்ணீர் குடிப்பதையும் வெட்டித் தள்ளுகிறவன். அக்கா கணினிப் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

எங்கள் வாசகர்கள் புத்தகங்களை வீட்டிலிருந்தபடியே இறக்கிக்கொள்கிறார்கள். படமும் பொத்தானுமாக இருக்கிற இணையப் பக்கம் அவர்களுக்குப் பெரிய தலைவலி. கண்ணுக்குத் தெரியாத பொத்தானை எங்கே போய்த் தேடுவது? கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டவேண்டும், கணினியில் இருக்கும் வாசிப்புக் குரல் பதிலுக்கு ஒரு வரி சொல்லவேண்டும். அது போதும். கணினிக்காரர்கள் இதற்குக் கட்டளை வரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் அதிகாரமாக இருக்கிறதே தவிர, பார்க்கப்போனால் அது இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான்.

இந்த வேலைக்கு எங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலாவது கொக்கி. அக்கா அப்பாவுக்காக எழுதியது. அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஊரிலுள்ள எல்லோருடைய எழுத்துப் பிழையையும் பிடித்தவருக்குத் தன் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது மட்டும் பிடிபடவில்லை. ஓய்வுபெற்ற கையோடு பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல உட்கார்ந்திருப்பார். அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லைதான், ஆனால் நான் பார்க்காமல் இருந்தேன், அவள் உட்கார்ந்து கொக்கியை எழுதினாள். "எடு" என்று தட்டி, ஒரு இடம் விட்டு, புத்தகத்தின் பெயரைத் தட்டினால் புத்தகம் வந்துவிடும். "போடு" என்றால் நம்மிடம் இருக்கும் கோப்பு நூலகத்துக்குப் போகும். வீட்டிலிருந்து வாசித்துப் பதிவு செய்கிறவர்களுக்கு அது. கோப்பை எட்டுத் துண்டாக்கி எட்டையும் ஒரே நேரத்தில் இழுக்கும் கருவி. எவ்வளவு வந்திருக்கிறது என்று விடாமல் சொல்லும். நடுவில் இணைப்பு அறுந்தால் "தொடரட்டுமா?" என்று கேட்கும். பதில் சொல்லத் தாமதமானால் திரும்பக் கேட்கும்.

இரண்டாவது கூடை. இதை எழுதியவர் பியானோக்காரர். பிறவியிலேயே கண் தெரியாதவர், பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பது தொழில், எங்கள் நூலகத்தின் பழைய வாசகர். பொழுதுபோகாமல் தனக்காக ஒன்று எழுதினார். அதை நண்பர் கேட்டார், நண்பரின் நண்பர் கேட்டார், கடைசியில் நூலகமே வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. அதில் "போடு" என்றால் புத்தகத்தைக் கூடையில் போடு என்று அர்த்தம். போட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். அது பாட்டுக்கு இறக்கும். இணைப்பு அறுந்தால் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடரும். மூச்சு விடாது. முழுதும் வந்த பிறகு ஒரே ஒரு முறை "வந்துவிட்டது" என்று சொல்லும். கேட்டு முடித்த புத்தகத்தைக் கூடையிலிருந்து நீக்கவேண்டுமென்றால் "எடு" என்று தட்டவேண்டும்.

ஆக, கொக்கியில் எடு என்றால் புத்தகம் வரும். கூடையில் எடு என்றால் புத்தகம் போகும். இரண்டும் நல்ல தமிழ்தான். கடையில் போய் "ஒரு சட்டை எடு" என்றால் வாங்கு என்று அர்த்தம். "சட்டையில் இருக்கும் அந்த நூலை எடு" என்றால் நீக்கு என்று அர்த்தம். நாம் பேசும்போது குழம்புவதில்லை. கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நூலகத்தின் செயலாளர் ஓர் அம்மையார், கோபமே வராதவர், அதனாலேயே எல்லோரும் பயப்படுவார்கள். கோப்புகள் இருக்கும் இயந்திரத்தை மாற்றியபோது அக்கா இரண்டு கருவிகளையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. அந்தக் குழப்பத்தில் வாசகர்களிடமிருந்து ஏகப்பட்ட போன். செயலாளர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் பதிவு அறைக்கு மைக் கேட்கப் போய் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது? எதுக்கும்மா ரெண்டு? ஒண்ணா சேர்த்துடலாமா, இல்ல ஒண்ண நிறுத்திடலாமா, இல்ல இப்படியே விடலாமா, நீயே பார்த்து முடிவு பண்ணு. அடுத்த கூட்டத்துல சொல்லிடு."

"என்னோடதும் அதுல ஒண்ணு மேடம். நானே முடிவு பண்ணா நல்லாவா இருக்கும்?"

"உன்னை விட்டா வேற யாருக்கும் தெரியாதே."

"சரி மேடம். பாரபட்சம் இல்லாம பார்க்கிறேன்," என்றாள் அக்கா.

அந்தப் பாரபட்சமின்மை மாடிப்படி வரைக்கும் தாங்கியது. இரண்டு படி இறங்கியதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டேய், கொக்கிய நான் எப்படிடா நிறுத்துவேன்? அப்பாவுக்குன்னு பண்ணது."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

"சேர்த்தா ஒரு பேர்தானே இருக்கும்? ஒரு எடுதானே இருக்கும்?"

அன்றிலிருந்து அவள் குட்டி போட்ட பூனையாகத்தான் அலைந்தாள். சாப்பிடும்போது முடிவு செய்வாள், கை கழுவும்போது மாற்றிக்கொள்வாள். காலையில் என் அறைக் கதவைத் திறந்து "சேர்க்கிறேன்" என்பாள். மதியம் வந்து "சேர்க்கலைன்னா என்ன ஆகும் சொல்லு" என்பாள். நான் ஏதாவது சொன்னால் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று போய்விடுவாள். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். அதற்கு எதற்கு என்னிடம் வரவேண்டும்? மாமா தந்திரமான மனிதர், அந்த வாரம் முழுக்க வேலையிலிருந்து தாமதமாக வந்தார்.

ஒரு நாள் பியானோக்காரரைப் பார்க்கப் போனோம். போனில் பேசினால் போதும் என்று நான் சொன்னேன். நேரில் பேசினால்தான் மரியாதை என்றாள். அவர் ஓர் இசைப் பள்ளியின் கூடத்தில் பெரிய பியானோ ஒன்றின் மூடியைத் திறந்துவிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கூடத்துக்குள் வந்து நாலு அடி வைத்திருக்கமாட்டோம்.

"கொக்கி அம்மாவா?" என்றார் தலையை எடுக்காமல்.

"எப்படிண்ணா தெரிஞ்சது?"

"இவ்வளவு வேகமா வந்துட்டு, வந்ததும் அங்கயும் இங்கயும் நடக்கிறீங்களே. உட்காருங்க. கூட வந்தவருக்கும் நாற்காலி இருக்கு."

நான் உட்கார்ந்தேன். அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவர் கையில் இருந்த சுதிச் சாவியை ஒரு தந்தியின் முளையில் மாட்டி, மயிரிழை திருப்பி, கட்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சேர்த்தா எந்த எடு இருக்கும்?" என்றார்.

"கொக்கியோட எடு வச்சுக்கலாம்ணா. கூடையோட நல்லதையெல்லாம் உள்ள சேர்த்துடறேன். கொக்கியோட வேகம், கூடையோட பொறுமை. அறுந்தா தானாத் தொடரும்."

"வார்த்தை?"

"அதான் சொன்னேனே, எடு."

"என் ஆளுங்க முடிச்ச புத்தகத்தை நீக்கறதுக்கு எடுன்னு தட்டுவாங்க. அது புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். சரியா?"

"ரெண்டையும் விட்டுட்டு வேற வார்த்தை வச்சுடலாம். இறக்கு, நீக்கு. யாருக்கும் குழப்பம் இருக்காது."

அவர் சிரித்தார். "எல்லாருக்கும் சமமா குழப்பம் இருக்கும்னு சொல்லுங்க. உங்களுக்கு அது திரையில பார்க்கிற வார்த்தை. எங்களுக்கு விரல்ல இருக்கிற வார்த்தை. நான் எடுன்னு நினைச்சுத் தட்டறதில்லம்மா. விரல் தட்டிடும், அப்புறம்தான் நான் நினைப்பேன்."

"அப்ப சேர்க்க வேண்டாங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னா என் கூடைக்காகச் சொல்றேன்னு இருக்கும். நீங்க சொன்னா உங்க கொக்கிக்காகன்னு இருக்கும். நம்ம ரெண்டு பேரையும் விடுங்க. கேட்கிறவங்களைக் கேளுங்க. உங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே."

வெளியே வந்ததும் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா கொக்கிக்காரர். அவருக்காகத்தானே கொக்கி பிறந்தது? அவர் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவள் மனசாட்சிக்கும் நிம்மதி, கூட்டத்துக்கும் பதில் கிடைத்துவிடும். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்பாவின் அறை சின்னது. கட்டில், மேசை, மேசைமேல் கணினி, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. அவர் எப்போதும் அதை மாட்டிக்கொண்டுதான் கணினியில் உட்காருவார். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதாம். வருஷக்கணக்காக அவர் புத்தகம் கேட்கிறார், நாங்கள் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறோம். "புத்தகமெல்லாம் ஒழுங்கா வருதாப்பா?" என்று அக்கா கேட்பாள். "அருமையா வருதும்மா" என்பார். அதோடு சரி.

அன்றைக்கு அக்கா செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன். அப்பா காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். செயலாளர் சொன்னது, கருவிகள் இரண்டு, வாசகர்கள் போன் செய்தது, பியானோக்காரர். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள். "நீங்களே சொல்லுங்கப்பா. ரெண்டுல எதை எடுக்கட்டும்?"

அப்பா மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லணுமா?"

"உண்மையைத்தான் சொல்லணும். எனக்காகச் சொல்லக்கூடாது."

"அப்ப உன்னோடதையே எடும்மா."

அக்கா அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்படியெல்லாம் கட்டிக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. அப்பாவே கொஞ்சம் திகைத்துவிட்டார்.

"உனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"எனக்கென்னப்பா? சந்தோஷம்தான்."

"நான் பயந்துட்டே இருந்தேன், எப்படிச் சொல்றதுன்னு."

"இதுல பயப்பட என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அக்கா ஓடினாள். வேலை செய்ய ஓடினாள். அப்பா முகத்தில் ஒரு பெருமை இருந்ததை நான் பார்த்தேன். மகள் எழுதிய கருவி ஜெயித்த பெருமை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் என் அக்காவுக்கு இருக்கிற அளவுதான் மூளை.

இரண்டையும் சேர்க்கிற வேலையில் அவள் வீட்டையும் அலுவலகத்தையும் ஒன்றாக்கிவிட்டாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் கணினி. கூடை காத்திருக்கிற விதத்தைக் கொக்கிக்குள் கொண்டுவருவது லேசாக இல்லை; கொக்கிக்குக் காத்திருக்கவே தெரியவில்லை. இணைப்பு அறுந்ததும் அது பதறிப்போய் எட்டுத் துண்டையும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்கும், நூலகத்து இயந்திரம் திணறும். "இது ஏன்டா இப்படிப் பறக்குது?" என்று என்னிடமே கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதைத் தட்டிக்கொட்டி அடக்கினாள். பெயர் கொக்கி, வார்த்தைகள் கொக்கியின் வார்த்தைகள், உள்ளே கூடையின் பொறுமை. பேச்சையும் குறைத்துவிட்டதாகச் சொன்னாள். இப்போது பத்துப் பத்தாகத்தான் சதவீதம் சொல்லுமாம். செயலாளரிடம் இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்லியும் விட்டாள். ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவின் கணினியில் வைத்துப் பார்க்கலாம் என்று, பழையவை இரண்டையும் அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள்.

"அப்பா, ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. எப்பவும் தட்டற மாதிரி தட்டுங்க. அதே வார்த்தைதான்."

"அதே வார்த்தையா? ரொம்ப நல்லது," என்றார் அப்பா.

சில நாள் சத்தமே இல்லை. அக்கா போகிறபோதும் வருகிறபோதும் அந்த அறையை எட்டிப் பார்ப்பாள். அப்பா காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் திருப்தியாகப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, உங்க அக்காகிட்ட பக்குவமாச் சொல்லு. புதுசு கொஞ்சம் தகராறு பண்ணுது. படிச்ச புத்தகமே திரும்பத் திரும்ப வருது. புதுப் புத்தகம் ஒண்ணு கூட வரல. இப்ப இடமே இல்லங்குது."

"எத்தனை நாளா?"

"கொடுத்த நாள்லேர்ந்துதான். பாவம் அவ இவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணிருக்கா. உடனே குறை சொன்னா நல்லாருக்காதேன்னு விட்டுட்டேன்."

பக்குவமாகச் சொல்லும் கலை எனக்கு வராது. நான் போய் "உன் புது ஆள் அப்பாவோட மெஷினை ரொப்பிடுச்சு" என்றேன். அக்கா பாதி சீவிய தலையோடு வந்தாள். அப்பாவின் காதுக் கருவியின் வயரை உருவினாள். வாசிப்புக் குரல் முதன்முறையாக அந்த அறையில் எங்களுக்கும் கேட்டது.

"நீங்க எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்கப்பா. நான் பார்க்கிறேன்."

அப்பா விரல்களை விசைகள்மேல் வைத்தார். அவர் தட்டுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அத்தனை நிதானம், ஒரு பிழை இல்லை. "போடு" என்று தட்டினார். ஒரு புதிய நாவலின் பெயரைத் தட்டினார்.

"உங்களிடம் அந்தக் கோப்பு இல்லை," என்றது குரல்.

"பார்த்தியா? என்கிட்ட இல்லாததனாலதானே கேட்கிறேன்," என்றார் அப்பா. "சரி, படிச்சதை நீக்கி இடம் பண்ணலாம்னா இப்படி ஆகுது." "எடு" என்று தட்டி, அவர் போன மாதம் கேட்டு முடித்த சரித்திரப் புத்தகத்தின் பெயரைத் தட்டினார்.

"இறங்குகிறது. பத்து சதவீதம்," என்றது குரல்.

அக்கா அசையாமல் நின்றாள். அவள் அசையாமல் நிற்பதை நான் பார்த்த முதல் தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

"எடுன்னா கொண்டுவரத்தானேப்பா செய்யும்?" என்றாள், ரொம்ப மெதுவாக.

"கூடையில அப்படி இல்லையேம்மா. எடுன்னா நீக்கறது. போட்டா வரும், எடுத்தா போகும். இத்தனை வருஷமா அப்படித்தானே தட்டிட்டிருக்கேன்? நீயும் அதே வார்த்தைன்னு சொன்னியே."

"கூடையிலயா?"

"கூடையிலதான். அதான் அன்னைக்கே உண்மையைச் சொல்லிட்டேனே. எதை எடுக்கட்டும்னு கேட்டே. உன்னோடதையே எடும்மான்னு சொன்னேன். நீ முகம் கோணாம கட்டிக்கிட்டே." அப்பா எங்கள் பக்கம் திரும்பினார், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார். "அடுத்த வீட்டு டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். தான் பண்ணதைத் தானே நீக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும், எம் பொண்ணுக்கு அது இருக்குன்னு சொன்னேன்."

குரல் "இருபது சதவீதம்" என்றது. யாரும் அதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நீக்கு என்று சொன்னதை அவள் தேர்ந்தெடு என்று கேட்டிருக்கிறாள். நானும் அப்படித்தான் கேட்டேன். அவள் சந்தோஷப்பட்டதை அவர் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெரிய மனசு அங்கேயே உடைந்து விழும்.

அக்கா என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள். அப்பாவின் எதிரில் அப்படிச் சைகை செய்வது எனக்குப் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது. இருந்தும் செய்தாள்.

"தப்பு என்னோடதுதான்பா," என்றாள். "வார்த்தையை மாத்தி வச்சுட்டேன். அவசரம். இருங்க, வந்துடறேன்."

பின்கட்டில் துணி காயப்போடும் இடத்துக்குப் போனாள். நானும் போனேன். சுவர் ஓரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். "அக்கா, அப்பா பிழை திருத்தினவரு. அவருக்கு எடுன்னாலே எழுத்தை நீக்கறதுதான். அந்தப் பழக்கத்துல சொல்லிருப்பாரு."

"போடுன்னு தட்டினாரேடா. அதுவும் பிழை திருத்தின பழக்கமா?"

நான் கொடியில் கிடந்த ஒரு துண்டை மடிக்க ஆரம்பித்தேன்.

"ஒரு தடவை கூட அதைத் தொட்டதில்லைபோல," என்றாள். கண்ணீர் வழிந்தது. நடந்துகொண்டே துடைத்துக்கொண்டாள். "அவருக்குன்னுதானடா பண்ணேன்."

"அப்ப உண்மையைச் சொல்லிடேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு."

"சொல்லி? டாக்டர் வீட்டுக்குப் போய், அந்தப் பெரிய மனசு வேற யாருக்கோன்னு சொல்லிட்டு வருவாரா?" கொஞ்ச நேரம் நடந்தாள். பிறகு போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"மேடம், சேர்க்கலை. ஆமா, சேர்த்தாச்சுன்னு சொன்னேன், பிரிச்சுடறேன். ரெண்டும் ஒரே வேலைதான் மேடம், ஆனா ஆள் வேற. வாசிச்சு அனுப்பறவங்களுக்கும் பதிவு அறைக்கும் கொக்கி. கேட்கிறவங்களுக்குக் கூடை மட்டும் போதும். இல்ல மேடம், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கொக்கில கேட்கிறவங்க இருக்காங்களா? இருக்காங்க. அவங்களை நானே ஒவ்வொருத்தராப் போன்ல கூப்பிட்டு எதுல வசதின்னு கேட்கிறேன். இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல."

போனை வைத்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். புதியதை அழித்தாள். கூடையை, பியானோக்காரர் எழுதியது எழுதியபடி, ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றினாள்.

"இப்பத் தட்டிப் பாருங்கப்பா."

அப்பா "எடு" என்று தட்டினார். சரித்திரப் புத்தகம் சத்தமில்லாமல் போனது. "போடு" என்று தட்டி அந்த நாவலின் பெயரைத் தட்டினார். கூடை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஒண்ணு கேட்கட்டுமாப்பா?" என்றாள் அக்கா. "என்னோடதுல என்ன குறை? அடுத்தது பண்ணும்போது தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"குறையெல்லாம் இல்லம்மா. ரொம்ப வேகம். நல்ல வேலை." கொஞ்சம் யோசித்தார். "பேசிட்டே இருந்துச்சு. பன்னண்டு, பதிமூணு, பதினாலுன்னு. அறுந்துச்சுன்னா தொடரட்டுமா தொடரட்டுமான்னு. நீ பக்கத்துல நின்னு ஆச்சாப்பா ஆச்சாப்பான்னு கேட்கிற மாதிரியே இருக்கும். எனக்கு இப்பப் போக ஓர் இடமும் இல்ல. மெதுவா வந்தாத்தான் என்ன?"

அக்கா வெளியே போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த மாதிரி இடங்களில் அவளுக்கு எப்போதும் எங்கேயோ அவசரமாக வேலை வந்துவிடும். போகவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் போட்டாள். இறக்கினாள். கையை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். திரையில் எதுவும் நகரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கே பொறுமை போய்விட்டது. எவ்வளவு வந்திருக்கிறது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்பா தலையை லேசாகச் சாய்த்து அறையைக் கேட்டார். பிறகு அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இருக்கியாம்மா?" என்றார்.

"இருக்கேன்பா."